தோப்பு தீனி போடாது

ஐந்து ஏக்கர் முந்திரித் தோப்பு இருந்தால் உள்ளே ஆட்டை விடுங்கள். புல்லை அது தின்னும், களை வெட்டும் கூலி மிச்சம், புழுக்கை மரத்துக்கு உரம், இரண்டு வருஷத்தில் மூன்று ஈத்து, கையில் பணம். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் விவசாயம் பேசும் மேடைகளிலும் யூடியூப் காணொளிகளிலும் இன்று திரும்பத் திரும்பச் சொல்லப்படும் யோசனை இது. ஒருங்கிணைந்த பண்ணையம், நிலைத்த வேளாண்மை என்ற பெயர்களும் இதற்கு உண்டு. ஒரே நிலத்தில் இரண்டு வருமானம், வெளியிலிருந்து எதையும் வாங்காத சுழற்சி, செலவே இல்லாத தீவனம் என்பதுதான் இந்த வாதத்தின் சாரம்.

வாதத்தின் வலுவான பகுதியை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. மரத்தை மட்டும் நம்பியவர் இப்படி ஒரு ராத்திரியில் எல்லாவற்றையும் இழக்கிறார். புதுக் கன்று நட்டுக் காய்ப்புக்கு வரும்வரை வருஷக்கணக்கில் வருமானம் இல்லை. அந்த இடைவெளியில் நான்கு ஆடு இருந்தால் பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் நடக்கும். ஆடு ஏழைக்கு ஆபத்துக் காலச் சேமிப்பு என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. அந்தச் சேமிப்புக்குத் தோப்பின் நிழலே தீனி போட்டுவிடும், அதனால் இந்த ஏற்பாடு தானாகவே நிலைக்கும் என்று சேர்த்துச் சொல்கிறார்களே, அதைத்தான் மறுக்கிறேன். விழுப்புரம் மாவட்டத்தின் மரங்களையும் மழையையும் வைத்துப் பார்த்தால் அது நிற்காது.

1. புல்லுக்கு வெயில் வேண்டும். இந்த எளிய உண்மையைத் தாண்டித்தான் தோப்பு மேய்ச்சல் கணக்கே எழுதப்படுகிறது. முந்திரியை 7 மீட்டருக்கு 7 மீட்டர் என்று நட்டால் ஏக்கருக்கு 80 மரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். முதல் மூன்று நான்கு வருஷம் இடைவெளி எல்லாம் வெளிச்சம். புல்லும் பூண்டும் தாராளம். ஆனால் அந்த வருஷங்களில் கன்று ஆட்டின் வாய் எட்டும் உயரத்தில் நிற்கிறது. ஆடு ஒருமுறை நுனியைக் கிள்ளினால் கன்று ஒரு பருவம் பின்தங்கும். பட்டையைச் சுற்றி உரித்தால் கன்றே போச்சு. அதனால் எந்த விவசாயியும் அப்போது ஆட்டை உள்ளே விடமாட்டார். மரம் வளர்ந்து தண்டு முற்றி, ஆடு வந்தாலும் தாங்கும் என்ற நிலை வரும்போது கிளைகள் ஒன்றோடொன்று கூடிவிடுகின்றன. முந்திரி எப்போதும் பசுமையாக நிற்கும் மரம். அதன் தடித்த இலை உதிர்ந்து மெத்தைபோலப் படியும், சீக்கிரம் மக்காது. அந்தச் சருகுக்கு அடியில் மேய்வதற்கு ஒன்றும் முளைக்காது. வெளிச்சம் இருக்கும்போது மரம் சிறுசு. மரம் தாங்கும்போது வெளிச்சம் இல்லை. தோப்பு மேய்ச்சலை நிலைத்த முறை என்பவர்கள் இந்த முரண்பாட்டுக்கு முதலில் பதில் சொல்லட்டும்.

மரக்காணம் கடலோரத்துச் சவுக்கில் நிலைமை இன்னும் மோசம். நெருக்கி நட்டு மூன்று நான்கு வருஷத்தில் வெட்டும் பயிர் அது. நாற்றை ஆடு விரும்பித் தின்னும். தோப்பு கூடியபின் ஊசி ஊசியாக விழும் சருகு மண்ணை மூடிவிடும். பனை மட்டும் விதிவிலக்கு. ஏரிக்கரையிலும் வரப்பிலும் நிற்கும் பனை வெயிலை மறைக்காது, ஓலையும் ஆட்டுக்கு எட்டாது. இந்த மாவட்டத்தில் மரத்தடி மேய்ச்சல் உண்மையில் நடந்த இடம் பனையடிதான். மானியத் திட்டம் பேசுபவர்கள் யாரும் பனையைப் பேசுவதில்லை.

2. எண்ணிக்கையை எழுதிப் பார்த்தவர் எத்தனை பேர்? தேசிய கால்நடை இயக்கத்தின் திருத்திய விதிகளின்படி 100 பெட்டை, 5 கிடா கொண்ட பண்ணை தொடங்கினால் மூலதனச் செலவில் பாதி, 10 லட்சம் ரூபாய் வரை, மானியம் கிடைக்கும். 500 பெட்டை, 25 கிடா என்றால் 50 லட்சம் வரை. இந்த எண்ணிக்கைக்குத் திட்ட அறிக்கை எழுதும்போது ‘சொந்தத் தோப்பில் மேய்ச்சல்’ என்று ஒரு வரி போட்டுவிட்டால் தீவனச் செலவு காகிதத்தில் குறைந்துவிடுகிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 30 கிலோ எடையுள்ள ஒரு பெட்டை ஆட்டுக்கு அதன் எடையில் மூன்றரை சதவீதம் உலர் தீவனம் தேவை என்று வைத்தால் நாளைக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஒரு வருஷத்துக்குச் சுமார் 380 கிலோ. 105 உருப்படிக்கு 40 டன். குட்டிகள் தின்பதை இதில் சேர்க்கவில்லை, பால் கொடுக்கும் ஆட்டின் கூடுதல் தேவையையும் சேர்க்கவில்லை.

ஐந்து ஏக்கர் தோப்பு என்பது இரண்டு ஹெக்டேர். கிளை கூடிய மரத்தடியில் மானாவாரியாக ஹெக்டேருக்கு 2 டன் உலர் புல் வருகிறது என்றே தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 4 டன். அதில் பாதியையாவது மண்ணைக் காக்க விட்டுவைக்க வேண்டும். மீதம் 2 டன், அதாவது தேவையில் இருபதில் ஒரு பங்கு. நான் போட்ட அளவை இரட்டிப்பாக்கினாலும் பத்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் கடையில் வாங்கும் தவிடு, பிண்ணாக்கு, கலப்புத் தீவனம், பக்கத்து நிலத்துத் தழை. பத்தில் ஒன்பது பங்கு தீனி வெளியிலிருந்து வரும் பண்ணையைத் தோப்புப் பண்ணை என்று சொல்வது கணக்குப் பிழை. அந்தப் பிழையின்மேல் வங்கிக் கடன் ஏறுகிறது.

3. காலண்டர் ஒத்துவரவில்லை. விழுப்புரத்தில் வருஷத்துக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். புல் தளதளவென்று நிற்பது கார்த்திகை முதல் தை வரை. முந்திரி துளிர்ப்பதும் பூப்பதும் அதே பருவத்தை ஒட்டித்தான். முந்திரி புதுத் தளிரின் நுனியில் பூக்கிற மரம். தரையைத் தொட்டபடி தாழ்ந்த கிளைகளிலும் பூங்கொத்து வரும். பின்னங்காலில் எழுந்து நிற்கும் வெள்ளாட்டுக்கு ஆள் உயரம் வரை எட்டும். அது கடிக்கும் ஒவ்வொரு நுனியும் வரப்போகும் மகசூல். பூச்சிமருந்தும் அப்போதுதான் அடிக்க வேண்டியிருக்கிறது. தேயிலைக் கொசு என்னும் பூச்சிக்குத் துளிர், பூ, பிஞ்சு என்று மூன்று தரம் அடிப்பது வழக்கம். மருந்து அடித்த தோப்பில் மேயும் ஆட்டின் பாலும் கறியும் யார் வயிற்றுக்குப் போகின்றன? மாசி, பங்குனி, சித்திரையில் கொட்டை விழும்; தரை சுத்தமாக இருந்தால்தான் பொறுக்க முடியும். பழத்துக்கு வரும் ஆடு கொட்டையை இழுத்துச் சிதறடிக்கும். மிச்சம் ஆனி முதல் புரட்டாசி வரை. தென்மேற்குப் பருவத்தில் விழும் மழைக்கு முளைக்கும் கொஞ்சம் பூண்டு அப்போது உண்டு. அந்த நான்கு மாதத்தில் அளவோடு ஆடு விடுவதில் தவறில்லை. நான்கு மாதச் சலுகையைப் பன்னிரண்டு மாத வாழ்வாதாரமாக விற்பதுதான் தவறு.

4. புழுக்கை எங்கிருந்து வருகிறது? உரம் இலவசம் என்ற வாதம் நம் ஊரின் பழைய பழக்கத்தைத் தப்பாகப் படித்ததால் வந்தது. ஊர் ஊராக ஆடு மேய்க்கும் கீதாரிகள் மந்தையை ஓட்டிவந்து நிலத்தில் கிடை போட்டால் நிலம் கொழிக்கும், உண்மை. ஏனென்றால் பகலெல்லாம் ஏரிப்புறம்போக்கிலும் அறுத்த தாளிலும் மேய்ந்த சத்தை ராத்திரி அந்த நிலத்தில் இறக்குகிறது மந்தை. கிடை என்பது பரந்த நிலத்தின் வளத்தைச் சிறு நிலத்துக்குக் கொண்டுவரும் ஏற்பாடு. வேலிபோட்ட தோப்புக்குள் அங்கேயே தின்று அங்கேயே போடும் ஆடு புதிதாக ஒரு கிராம் தழைச்சத்தைக்கூட உண்டாக்குவதில்லை. மண்ணில் இருந்ததைச் சீக்கிரம் சுழற்றுகிறது, அவ்வளவே. அதிலும் மூத்திரத்தில் இருக்கும் தழைச்சத்தில் ஒரு பகுதி ஆவியாகிப் போகிறது. ராத்திரி ஆட்டை வீட்டுக் கொட்டகையில் அடைத்தால் பாதிப் புழுக்கை அங்கேயே நின்றுவிடும். அள்ளிவந்து போடாவிட்டால் தோப்புக்கு நஷ்டம். வெளித்தீவனம் வாங்கிப் போடும் பண்ணையில் உரம் சேரும், அது மெய். அப்படியானால் அந்த உரத்தின் விலையைத் தீவன ரசீதில் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

5. ஆடு களை எடுக்கும் என்பது முதல் வருஷத்துக் காட்சி. ஆடு நாக்குக்குப் பிடித்ததைத் தேடித் தின்னும் பிராணி. அறுகும் கொழுக்கட்டைப் புல்லும் முதலில் போகும். எருக்கு, உன்னிச்செடி, பார்த்தீனியம் ஆகியவற்றின் பக்கம் அது பெரும்பாலும் போவதில்லை. போட்டியாக நின்ற நல்ல புல் மேய்ந்து தீர்ந்தபின் இவைதான் தோப்பைப் பிடிக்கும். இதைவிடக் கவலைக்குரியது சீமைக் கருவேலம். கோடையில் இந்த வட்டாரத்து ஆடுகளுக்கு அதன் நெற்றுதான் இனிப்பான தீனி. சதையைச் செரித்துவிட்டு, கெட்டித்தோல் விதையில் ஒரு பங்கைச் சேதமில்லாமல் புழுக்கையோடு போடும். காய்ந்த புழுக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் பளபளவென்று விதை அப்படியே இருக்கும். வாய்க்கால் ஓரத்தில் மேய்ந்துவிட்டுத் தோப்பில் அடையும் மந்தை வருஷாவருஷம் முள்ளை நட்டுவிட்டுப் போகிறது. களை வெட்டும் கூலி மிச்சம் என்று ஆரம்பித்தவர் சில வருஷத்தில் முள் பிடுங்க இயந்திரம் வாடகைக்கு எடுக்கிறார்.

6. ஒரே தரை, ஒரே மந்தை என்றால் புழு நிற்காது. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் குடற்புழுவின் இளம்பருவம் வெயில் காயும் வெளியைவிட நீண்ட நாள் உயிரோடிருக்கும். திறந்தவெளியில் நடந்து மேயும் மந்தை அந்த இடத்துக்குத் திரும்பி வருவதற்குள் அது பெரும்பாலும் செத்துவிடும். வேலிக்குள் சுற்றும் ஆடு தினமும் அதைத் தின்கிறது. மருந்து கொடுக்கலாம், அடிக்கடி கொடுத்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும். நிலைத்தன்மை என்ற சொல்லுக்கு நேரெதிரான நிலை இது.

சரி, வெள்ளாட்டை விட்டுவிட்டுச் செம்மறியை விடலாமே என்பார்கள். இது யோசிக்கவேண்டிய எதிர்வாதம்தான். இந்தப் பகுதியின் மெட்ராஸ் சிவப்புச் செம்மறி தலை குனிந்து புல் மேயும் இனம். வெள்ளாடு மாதிரி கிளையேறித் தழை ஒடிக்காது. பட்டைக்கும் பூங்கொத்துக்கும் வரும் சேதம் இதனால் குறையும். ஆனால் வெளிச்சக் கணக்கு கொஞ்சமும் மாறாது. தழை தின்னாத செம்மறிக்குப் புல் இல்லாத தோப்பில் வெள்ளாட்டைவிடப் பட்டினிதான் அதிகம். இன்னொன்றும் உண்டு. கால்நடைகளில் தாமிரத்தைத் தாங்கமுடியாத பிராணி செம்மறி. போர்டோ கலவை போன்ற தாமிர மருந்து அடித்த தோப்பின் புல்லைத் தொடர்ந்து மேய்ந்தால் ஈரலில் தாமிரம் சேர்ந்து, ஒருநாள் திடீரென்று சாகும். மாமரத்துக்கும் தென்னைக்கும் தாமிர மருந்து பரிந்துரைப்பவர்களும் செம்மறியைத் தோப்புக்குள் விடச் சொல்பவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால் நல்லது.

வெளிநாட்டில் நடக்கிறதே என்பது அடுத்த எதிர்வாதம். நடக்கிறது, எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். இலங்கையில் தென்னந்தோப்புக்குள் மாடு மேய்ப்பது நெடுங்கால வழக்கம். லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையம் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. அங்கே அது நிற்பதற்குத் தென்னையின் வடிவமே காரணம். 25 அடி இடைவெளியில் நிற்கும் தென்னை முதல் எட்டு வருஷம்வரை வெளிச்சம் விடும்; எட்டு முதல் இருபத்தைந்து வயதுவரை தரையை மூடும்; அதன்பின் உயர்ந்து மறுபடி வெளிச்சம் விடும். காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் ஊடுபயிர் பரிந்துரைப்பதே இந்த வயதுக் கணக்கை வைத்துத்தான். அதோடு இலங்கையில் இரண்டு பருவமழை. ஐப்பசி மழையை நம்பி நிற்கும் வானூர் செம்மண்ணில், கிளை விரித்துத் தரையை மூடும் முந்திரிக்கு அந்த உதாரணம் பொருந்தாது. மலேசியாவில் 1980களில் ரப்பர் தோட்டங்களில் செம்மறி வளர்ப்பை ரப்பர் ஆராய்ச்சி நிலையமே முன்னின்று ஊக்குவித்தது. ரப்பரோடு விதைத்த மூடாக்குப் பயறுகளால் முதல் வருஷங்களில் தீவனம் ஏராளம். ஐந்தாறு வருஷத்தில் கிளை கூடியதும் அது மளமளவென்று சரிந்தது. அடுத்த இளந்தோட்டத்துக்கு மந்தையை மாற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கும் எஸ்டேட்டால் அப்படி மாற்ற முடியும். ஐந்து ஏக்கர்க்காரர் மந்தையை எங்கே மாற்றுவார்?

7. இந்த மாவட்டத்து ஆட்டின் உண்மையான கோடைத் தீனி எங்கிருந்து வந்தது? தோப்பிலிருந்து இல்லை. மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லையிலிருந்து வந்தது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்ததும், டி.எம்.வி. ரகங்கள் நாடெங்கும் போனதும் இந்த மண் மல்லாட்டை மண் என்பதால்தான். காய் பறித்தபின் காய வைத்துப் போர் போட்ட மல்லாட்டைக் கொடி, காயின் எடைக்குச் சமமாகவோ அதற்கு மேலோ வரும். புரதமுள்ள, ஆடு விரும்பும் உலர்தீனி. அதோடு கம்பந்தட்டை, அறுத்த வயலின் தாள், மேய்க்கால் புறம்போக்கு, ஏரி உள்வாய். இவை அத்தனையும் வெயில் படும் நிலம். கூலியாள் கிடைக்கவில்லை என்றும் காட்டுப்பன்றித் தொல்லை என்றும் மல்லாட்டையை விட்டு நிலத்தைச் சவுக்குக்கும் தைலமரத்துக்கும் மாற்றுகிறபோது ஊரின் தீவன இருப்பு ஒவ்வொரு ஏக்கராகக் குறைகிறது. அப்படிக் குறைத்த அதே மரப்பயிரின் அடியில் ஆடு வளர்த்து அந்தக் குறையை ஈடுகட்டலாம் என்கிறார்கள். என் மறுப்புகளில் நான் மிகவும் கனமாக நினைப்பது இதுதான். தீவனத்தை அழித்த மாற்றத்தையே தீவனத்துக்கான தீர்வு என்று காட்டுகிறது இந்த வாதம்.

இதன் பாரம் யார்மேல் விழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே ஆடு வைத்திருப்பவர்களில் பலர் நிலமில்லாதவர்கள், அதிலும் பெண்கள். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டம் ஏழைக் குடும்பத்துக்கு 4 ஆடு கொடுத்தது. மேய்க்க நிலம் கொடுக்கவில்லை. அறுவடை முடிந்த தோப்பில், தரிசில், வரப்பில் மேய்த்துக்கொள்ள ஊர் அனுமதித்ததால்தான் அந்த நான்கு ஆடும் பிழைத்தன. தோப்புக்காரர் மானியத்தில் கம்பிவேலி போட்டுத் தன் நூறு ஆட்டை உள்ளே விட்டால் அந்த அனுமதி முடிந்தது. அவருடைய ஆட்டுக்கு அந்தப் புல் இருபதில் ஒரு பங்குத் தீனி. வெளியே நிற்கும் பெண்ணின் நான்கு ஆட்டுக்கு அதுவே முழுத் தீனியாக இருந்தது. ஒரு கிராமத்தின் மொத்த ஆடுகளை வைத்துப் பார்த்தால் இதில் கூடியது எதுவும் இல்லை, கை மாறியது மட்டும்தான்.

அப்படியானால் தோப்பும் ஆடும் சேரவே கூடாதா என்றால், சேரலாம், தீவனத்தை யாராவது பயிரிட்டால். வரப்பு நெடுக அகத்தி, கிளைரிசிடியா, சவுண்டல் வேலி. கன்று சிறுசாக இருக்கும் வருஷங்களில் இடைவெளியில் முயல் மசால், கொழுக்கட்டைப் புல், தட்டைப்பயறு விதைத்து, ஆட்டை உள்ளே விடாமல் அறுத்துக்கொண்டு போய்ப் போடுவது. பரண் கொட்டகைக்கு அடியில் சேரும் புழுக்கையை அள்ளி மரப்பாத்திக்குக் கொண்டுவருவது. கிளை கூடியபின் ஆட்டின் எண்ணிக்கையைக் குறைப்பது. இதற்கெல்லாம் ஆள் வேண்டும், நேரம் வேண்டும். இறைவையில் கம்பு நேப்பியர் போட்டால் ஒரு ஏக்கர் பல ஐந்து ஏக்கர் தோப்புகளைவிட அதிகத் தீனி தரும். ஆனால் அது வெயில்பட்ட, தனி ஏக்கராக இருக்க வேண்டும், கிணற்றில் தண்ணீரும் இருக்க வேண்டும். இந்தச் செலவைச் சொல்லி ஆடு வளர்க்கச் சொல்பவரோடு எனக்கு வழக்கில்லை.

எனவே மானிய விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரியிடமும் கடன் கொடுக்கும் வங்கி மேலாளரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். மழை முடிந்த தை மாதத்துத் தோப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். வைகாசியில் அந்த 105 ஆடும் எதைத் தின்னும், எந்த ஏக்கரிலிருந்து வரும், எத்தனை டன், யார் அறுத்துச் சுமப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். அதற்கு விடையாகத் ‘தோப்பில் மேய்ச்சல்’ என்று எழுதியிருந்தால் அந்த விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள்.